பட்டில் சலித்த புழுதி

பகலெல்லாம் கறை எடுப்பது என் உத்தியோகம். ஞாயிற்றுக்கிழமைகளில் கறை வைப்பது என் பொழுதுபோக்கு. இரண்டுக்குமே பவுடர்தான் மூலப்பொருள். இதில் எது உருப்படியான வேலை என்பதில் எனக்கும் என் முதலாளிக்கும் கருத்து வேற்றுமை உண்டு. அதை நான் அவரிடம் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் நடுவில் ஆரணியில் ஒரு பட்டுச்சேலை வியாபாரியிடம் வேலைக்குச் சேர்ந்தேன். நெசவாளர்கள் தறியிலிருந்து அறுத்துக் கொண்டுவரும் சேலையை ட்யூப்லைட்டுக்கு அடியில் விரித்து, எங்கேயாவது எண்ணெய்ச் சொட்டோ விரல் தடமோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் அந்த இடத்தில் சாக்பீஸ் பவுடரைத் தூவி, அது எண்ணெயை இழுத்துக்கொள்ளும்வரை காத்திருந்து, பூனைமுடி மாதிரி மெத்தென்ற பிரஷ்ஷால் தட்டி எடுக்க வேண்டும். கல்யாணப் பெண்ணின் உடம்பில் ஏறப்போகிற சேலை. ஒரு புள்ளி இருந்தாலும் முதலாளி என் வம்சத்தையே விசாரிப்பார்.

பள்ளிக்கூட நாளிலிருந்தே எனக்குச் சின்ன வண்டிகள் செய்கிற பித்து இருந்தது. பிளாஸ்டிக் தகட்டை வெட்டி ஒட்டி, எனாமல் பெயின்ட் அடித்து, லாரி, டிராக்டர், பஸ் என்று செய்வேன். பார்க்கிறவர்கள் எல்லாரும் "பொம்மை நல்லாக்கீது" என்பார்கள். பொம்மை என்ற சொல் எனக்குப் பிடிக்காது. ஆனால் அவர்கள் சொன்னதில் தப்பும் இல்லை. பளபளவென்று நின்ற அந்த வண்டிகளைப் பார்த்தால் எந்த ரோட்டிலும் ஓடினமாதிரி இருக்காது.

சென்னைக்குச் சேலைக் கட்டோடு போன ஒருநாள், பழைய புத்தகக் கடையில் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகை கிடைத்தது. வளர்ந்த ஆண்கள் சின்ன வண்டிகள் செய்வதற்கென்றே ஒரு பத்திரிகை. அதைப் பார்த்ததும் உலகத்தில் நான் ஒருவன் மட்டும் பைத்தியமில்லை என்று பெரிய நிம்மதி. அதில்தான் அந்த ரகசியமும் இருந்தது. பெயின்ட் அடித்த வண்டியின்மேல் புழுதி, துரு, புகைக்கரி இவற்றின் நிறத்தில் பவுடரைத் தடவுகிறார்கள். அப்படித் தடவியதும் பொம்மை, நிஜ வண்டியாகிவிடுகிறது. அந்தப் பவுடர்களைச் சின்னச் சின்ன பாட்டிலில் அடைத்து விற்கவும் செய்கிறார்கள். புழுதியைக் கடையில் போய் வாங்குகிற அளவுக்குச் சுத்தமான தேசங்கள் பூமியில் இருக்கின்றன என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை. ரோட்டோரச் செம்மண், நாட்டுமருந்துக் கடைக் காவிக்கல், நொறுங்கின செங்கல், மண்ணெண்ணெய் ஸ்டவ்வின் கரி, எல்லாவற்றையும் அம்மியில் அரைத்து, கடையில் கழித்துப்போட்ட பட்டுத்துண்டில் சலித்தேன். பட்டு வழியாக இறங்குகிற புழுதி அவ்வளவு சன்னமாக இருக்கும். வெளிநாட்டுக்காரனுக்கு அது கிடைத்திருக்காது. எனக்குக் கல்யாணமாகி சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. என் மனைவி வாசற்படியில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாரும் வூட்டு தூசிய வெளிய தள்ளுவாங்க. நீங்க உள்ள கொண்டாந்து சலிச்சிகினு இருக்கீங்க" என்றாள்.

மறுநாள் அவளுடைய மை தீட்டும் பிரஷ்ஷும் காணாமல் போனது. அது எங்கே போயிற்று என்று அவள் கேட்கவில்லை.

மாமனார் தனியார் பஸ் டிரைவர். படவேடு ஆரணி ரூட். நான் பெண் பார்க்கப் போனபோது அவர் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, "வண்டி ஓட்டத் தெரியுமா?" என்பதுதான். சைக்கிள் என்றேன். அதற்குப்பிறகு அவர் என்னைப் பெயரும் சொல்லி அழைக்கவில்லை, மாப்பிள்ளை என்றும் அழைக்கவில்லை. வீட்டுக்குப் போனால் மாமியாரிடம் திரும்பி, "அவரு சாப்ட்டாரா?" என்பார். நான் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன். சின்ன வண்டிகள் செய்வதைப் பற்றி யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள். "பெரிய வண்டி ஓட்டத் தெரியாதவரு சின்ன வண்டி செய்றாரா" என்றாராம். என் மனைவி இதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். ஆனால் அவளுக்கு அது உறுத்திக்கொண்டேதான் இருந்தது. அப்பா வாயிலிருந்து ஒருதரம் மாப்பிள்ளை என்று வரவேண்டும், அதைத் தன் காதால் கேட்கவேண்டும் என்பது அவள் ஆசை. எனக்கும் அதே ஆசை இருந்தது. வெளியே சொல்லிக்கொள்ள மானம் இடம்கொடுக்கவில்லை.

இரண்டாயிரம் பிறந்து ஓரிரண்டு வருஷம் இருக்கும். மாமனாருக்குக் கண் மங்கிவிட்டது, ஆனி மாதத்தோடு வேலையிலிருந்து நின்றுவிடப் போகிறார் என்று செய்தி வந்தது. அவருடைய பஸ்ஸை அப்படியே சின்னதாகச் செய்து கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். கிளிப்பச்சை உடம்பு, மஞ்சள் பட்டை, முழங்கை நீளம்.

தினமும் கடை சாத்திவிட்டு நேரே பஸ் ஸ்டாண்டுக்குப் போவேன். அவருடைய வண்டி கடைசி நடைக்கு முன்னால் அங்கே நிற்கும். அவர் டீ குடிக்கப் போயிருப்பார். சேலையில் இழை பார்க்கிற மடக்குப் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு பஸ்ஸைச் சுற்றி வருவேன். மட்கார்டுக்குமேல் செம்மண் எந்த உயரம்வரை ஏறியிருக்கிறது, ஜன்னலுக்குக் கீழே யாரோ வாந்தியெடுத்துத் துடைத்த தடம் எப்படி இறங்கியிருக்கிறது, சைலன்சர் பக்கத்தில் கரி எப்படி விசிறியடித்திருக்கிறது, எல்லாம் பார்த்து மனதில் வைத்துக்கொள்வேன். டிரைவர் பக்கத்துக் கதவில், ஜன்னல் விளிம்பில் ஓரிடம் பெயின்ட் தேய்ந்து தகரம் மினுமினுத்தது. வருஷக்கணக்காக அவர் கையை ஊன்றி ஊன்றி வந்த தேய்மானம். அதையும் பார்த்துக்கொண்டேன். கிளீனர் பையன் ஒருநாள், "இன்னா சார், வண்டி வாங்கப் போறீங்களா?" என்று கேட்டான்.

புழுதி வேலையில் ஒரு சங்கடம் இருக்கிறது. தடவிய பவுடர் உதிராமல் இருக்க மேலே வார்னிஷ் அடிக்க வேண்டும்; அடித்தால் புழுதி ஈரமண் நிறத்துக்கு மங்கிவிடும். என் செம்மண்ணை மங்கவிட எனக்கு மனசு வரவில்லை. கண்ணாடிப் பெட்டியில்தானே வைக்கப்போகிறார், யார் தொடப்போகிறார்கள் என்று வார்னிஷ் இல்லாமலே விட்டேன். டர்பன்டைனில் குழைத்த கரி, மழை ஒழுகின தடம், ஆணித்தலையில் துரு, எல்லாம் முடித்தபிறகு கடைசியாகக் கதவு விளிம்பில் பெயின்ட்டைச் சுரண்டி, பென்சில் முனையைப் பொடித்த பவுடரை விரல் நுனியால் தேய்த்தேன். பிளாஸ்டிக் தகரமாக மினுமினுத்தது. நான் செய்ததிலேயே அதுதான் சிறந்த வண்டி. இப்போதும் அதில் எனக்குச் சந்தேகமில்லை.

என் மனைவி அதைச் சுற்றிச்சுற்றிப் பார்த்தாள்.

"எங்கப்பா வண்டி இவ்ளோ அழுக்காவா இருக்கும்?"

"சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து பாரு."

"நான் காலைல பாத்து வளந்தவ" என்றாள்.

பத்திரிகையைத் திறந்து சேறு அப்பிய ராணுவ டாங்கி ஒன்றின் படத்தைக் காட்டினேன். உலகமே ஒத்துக்கொண்ட கலை இது என்றேன். டாங்கியையும் என்னையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

மாமனாரின் கடைசி நடை அன்று பஸ் ஸ்டாண்டில் சின்னக் கூட்டம். பஸ் முதலாளி வந்திருந்தார், டிக்கெட் செக்கர், மற்ற டிரைவர்கள், டீக்கடைக்காரர் எல்லாரும் இருந்தார்கள். நடுவில் அந்த பஸ் நின்றது. இருபக்கமும் வாழைக்கன்று, முகப்பில் ரோஜா மாலை, சக்கரத்து நட்டுகூட எண்ணெய் தேய்த்துக் குளித்தமாதிரி மின்னியது. ஒரு பொட்டுப் புழுதி கிடையாது. அப்படி ஒரு கிளிப்பச்சையை நான் அதுவரை பார்த்ததே இல்லை.

பஸ் முதலாளி மாமனாருக்குப் பொன்னாடை போர்த்தினார். அடுத்தது நான் என்று யாரோ முன்னால் தள்ளினார்கள். பெட்டியைத் திறந்து, அவர் கையில் கொடுத்தேன்.

அவர் அதைக் கண்ணுக்குக் கிட்டே தூக்கிப் பிடித்தார். பிறகு செக்கர் எட்டிப் பார்த்தார்.

"இன்னா டிரைவரே, இத்தினி வருசமா வண்டிய கழுவவே இல்லியா?"

கூட்டம் சிரித்தது. முதலாளியும் சிரித்தார். "சம்பளம் குடுத்து கிளீனர் வேற வெச்சிருக்கேன்" என்றார். எல்லாம் வேடிக்கைப் பேச்சுதான். யாரும் மனதில் வைத்துச் சொல்லவில்லை. மாமனார் மட்டும் சிரிக்கவில்லை. பெரிய வண்டியைப் பார்த்தார், கையிலிருந்த வண்டியைப் பார்த்தார். தோளில் இருந்த துண்டை எடுத்து அதன்மேல் போர்த்தி, பிள்ளையைத் தூக்கிக்கொள்வதுபோல் மார்போடு வைத்துக்கொண்டு நடந்தார். யாருக்கும் தெரியக்கூடாத ஒன்றை மறைத்த மாதிரி இருந்தது. எனக்கு அங்கேயே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

திரும்பி வருகிற வழியில்தான் என் மனைவி விவரம் சொன்னாள். இரவில் வண்டி படவேட்டில்தான் நிற்கும். விடிவதற்கு முன்னால் அவர் அதைப் பம்புசெட்டுக்கு ஓட்டிப்போய்த் தன் கையால் கழுவிவிட்டுத்தான் முதல் நடை எடுப்பார். கிளீனரைத் தொட விடமாட்டார். காய்ச்சல் என்றாலும் கழுவாமல் எடுத்ததில்லை. நானோ கடை சாத்திய பிறகே அந்த வண்டியைப் பார்த்தவன். ஜவ்வாது மலை அடிவாரத்துப் புழுதியை நாளெல்லாம் வாங்கிக்கொண்டு வந்து நின்ற கோலத்தைத்தான் வண்டியின் நிஜ முகம் என்று எடுத்துக்கொண்டேன். சேலையில் ஒரு புள்ளி கண்டால் பதறுகிற ஊரில், ஒரு மனிதர் தன் வாழ்நாளெல்லாம் கழுவித் துடைத்ததன்மேல் நான் பட்டில் சலித்த புழுதியை அப்பிக் கொடுத்திருக்கிறேன், அதுவும் சபை நடுவே.

"சொன்னேன் இல்ல" என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலாம்.

ஆடி வந்தது. ரேணுகாம்பாள் கோயிலுக்கு ஊரே படவேட்டுப் பக்கம் திரண்டு போனது. மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் வரவேண்டிய ஆடி அழைப்பு எங்களுக்கு வரவில்லை. என் மனைவி வாசலில் கோலம் போட்டுவிட்டு பஸ் போகிற பக்கமே பார்த்துக்கொண்டு நிற்பாள். பக்கத்து வீட்டு போனுக்கு அவளுடைய அம்மா கூப்பிடுவார், அப்பா பேசமாட்டார். "அவரு பேஜாராகிட்டாரு, வுடு, சரியாப் போவும்" என்பது மாமியாரின் தினசரி அறிக்கை. நான் அந்த மாதங்களில் ஒரு வண்டியும் செய்யவில்லை. அம்மி சுத்தமாக இருந்தது. அதில் சட்னி அரைத்தோம்.

ஆயுத பூஜைக்குமுன் மாமியார் போன் செய்து, "ரெண்டு பேரும் வாங்க. அவருதான் சொல்லச் சொன்னாரு" என்றார். அவருக்கு இப்போது பூஜை போட வண்டி இல்லை, அதனால் மனசு ஒருமாதிரி இருக்கும், நாம் போவதுதான் நல்லது என்றாள் மனைவி. தலையை வெட்டுமேடைக்குக் கொண்டுபோகிறவனைப்போல் போனேன்.

வீட்டில் பூஜை மூலையில் மண்வெட்டி, அரிவாள், ஸ்பேனர், சுத்தியல் எல்லாம் கழுவிப் பொட்டு வைத்து வரிசையாக இருந்தன. நடுவில் மணைமேல் என் பஸ்.

அது கழுவப்பட்டிருந்தது. செம்மண் இல்லை, கரி இல்லை, மழைத்தடம் இல்லை. வார்னிஷ் அடிக்காத என் கலை மொத்தமும் பம்புசெட் வாய்க்காலில் போயிருக்க வேண்டும். ஆணித்தலைத் துருவின்மேலெல்லாம் நிஜ பஸ் பெயின்ட்டைத் தொட்டுத்தொட்டு வைத்திருந்தார். கண் மங்கின மனிதர் அதை எப்படிச் செய்தாரோ. முன் கண்ணாடிக்கு மேல் சந்தனம், குங்குமம். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழத்துக்குப் பதில் நாலு நாரத்தங்காய்ப் பிஞ்சு. பொம்மைக் கடையில் வைத்தால் குழந்தைகள் அழுது வாங்கிப் போகும்படி பளபளத்தது.

எனக்குச் சிரிப்பும் வந்தது, துக்கமும் வந்தது. அப்போதுதான் டிரைவர் பக்கத்துக் கதவைப் பார்த்தேன். விளிம்பில் அந்தத் தேய்ந்த இடம் அப்படியே இருந்தது. சுற்றிலும் பச்சை பெயின்ட்டைச் சுத்தமாக நிறுத்தியிருந்தார்.

மாமனார் கற்பூரத்தட்டோடு வந்து நின்றார். கேட்கலாமா என்று யோசித்துவிட்டுக் கேட்டேன்.

"இந்த எடத்த மட்டும் விட்டுட்டீங்களே."

அவர் குனிந்து கிட்டத்தில் பார்த்தார்.

"அது அழுக்கு இல்ல மாப்ளே. அது என் கை" என்றார்.

என் பின்னால் நின்ற மனைவி வெடுக்கென்று அடுப்பங்கரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மாமனார் தட்டைக் கீழே வைத்துவிட்டு, கலசப்பாக்கம் பக்கம் புதிதாக ரோடு போடுகிறார்களாமே என்று பேச ஆரம்பித்தார். நானும் ஏதோ பதில் சொன்னேன். பேசிக்கொண்டிருந்த நேரமெல்லாம் அவருடைய சுண்டுவிரல் அந்தக் கதவு விளிம்பில், தேய்ந்த இடத்தில் ஊன்றியபடி இருந்தது.