தரையில் தொடங்கும் படங்கள்

இராஜாக்கமங்கலத்தில் நடந்த சாவு குவைத்துக்குப் போய்விட்டுத்தான் அஞ்சுகிராமத்தில் இருந்த என்னிடம் வந்தது. ஒரு கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை அழைப்பைப் படம் பிடித்துக்கொண்டிருந்தேன். சுயம்பு அண்ணனின் மகன் குவைத்திலிருந்து அழைத்தான்.

"சித்தப்பா, அப்பா போயிட்டாவ. காப்பி குடிச்சிட்டு இருக்கச்ச நெஞ்சு வலிக்குன்னு சொன்னாவளாம், அவ்வளவுதான். எனக்கு லீவு கிடைக்கல்ல. லைவ் போட்டா கம்பெனில வச்சுப் பாக்க முடியாது. நீங்க எடுத்து அனுப்புங்க. ரூமுல தனியா இருந்து பாத்துக்கிடுதேன்."

கூட வந்தவரிடம் கல்யாணத்தை ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினேன்.

சுயம்பு அண்ணனும் நானும் சேர்ந்து ஸ்டூடியோ நடத்தியவர்கள். அவர் தோளில் பெரிய கேமரா, என் கையில் சின்னது. எடுத்ததை வெட்டி ஒட்டிப் படமாக்குவது என் பாடு. இதை வாசிக்கும் உங்களில் பலருடைய கல்யாணத்தில், மணமேடைக்கு இடப்பக்கம், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்ற உயரமான மனிதர் அவர்தான்.

அந்தப் பெரிய கேமரா, மூடிப்போன ஒரு லோக்கல் சேனலிடமிருந்து வாங்கியது. கேசட் கிடைக்காமல் போனபோது அதன் முதுகில் ஒரு ரெக்கார்டரைக் கட்டி, கார்டில் பதிய வைத்தார். இந்தக் காலத்துக்கு அது ஆகுமா ஆகாதா என்பதுதான் எங்களுக்குள் ஓயாத வழக்கு. நியாயமாகப் பேசினால், லென்ஸ் மாற்றாமலே பந்தல் முழுவதையும் காட்டிவிட்டுத் தாலி முடிச்சு வரை போய்த் திரும்பும். தோளில் உட்கார்ந்தால் ஆடாது. நாதஸ்வரத்தையும் மைக் செட்டையும் தனித்தனியாகப் பதியும். ஆனால் வெளிச்சம் கொஞ்சம் குறைந்தால் படம் முழுக்க ரவையைக் கொட்டியதுபோல ஆகிவிடும். பாட்டரி எப்போது காலை வாரும் என்று தெரியாது. கல்யாண வீட்டார் அட்வான்ஸ் கொடுக்கும் முன் கேட்பதே "ஃபோர்கேதானே?" என்றுதான்; இதில் அது கிடையாது. கேமராவை விற்றுவிடலாம் என்று நான் நச்சரித்துக்கொண்டே இருந்தேன்.

ஒருமுறை ஒரு குறும்படக்காரர் அதைக் கேட்டு வந்தார். கதையில் வரும் நிருபரின் தோளில் சும்மா இருந்தால் போதும், ஓட வேண்டியதில்லை என்றார். அண்ணன் அவருக்குச் சாயா வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டு என்னிடம் பொருமினார்.

"ஓடுக வண்டியக் கொண்டுபோய்க் கொலுவுல வைக்கச் சொல்லுகான், கேட்டியா? விட்டா என்னையும் பக்கத்துல உக்காரச் சொல்லுவான்."

அவர்மேல் எனக்கிருந்த பெரிய கோபம் வேறு. அவருடைய ஒவ்வொரு ஷாட்டும் தரையில்தான் தொடங்கும். அந்தக் கேமராவின் முன்பக்கம் ஒரு சிவப்பு லைட் உண்டு. பதிவு ஓடும்போது எரியும். ஆட்கள் அதைப் பார்த்து விறைத்துப்போகிறார்கள் என்று பல கேமராக்காரர்கள் மேலே கறுப்பு டேப் ஒட்டிவிடுவார்கள். இவர் ஒட்டமாட்டார். லைட்டை எரியவிட்டு, லென்ஸைத் தரைக்குத் தாழ்த்திக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். பந்தியில் பப்படத்தை நொறுக்கிக்கொண்டிருப்பவர் விழுங்கி முடிப்பார். பெண்கள் முந்தானையைச் சரிசெய்வார்கள். படத்தில் விழப் பிடிக்காதவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அதன் பிறகுதான் லென்ஸ் நிமிரும். எடிட்டிங்குக்கு உட்கார்ந்தால் எனக்குக் கிடைப்பது ஜமுக்காளமும் செருப்பும் பந்தியில் சிந்திய ரசமும்தான்.

"அண்ணே, தரையப் பிடிக்கதுக்கா நம்மள விளிச்சாவ?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"அடுத்தவன் வீட்டுக்குள்ள போறவன் கதவத் தட்டாண்டாமா? நான் தட்டுகேன், அவ்வளவுதான்" என்றார்.

என் சின்னக் கேமராவில் முன்பக்கம் லைட் கிடையாது. ஒரு கல்யாணத்தில், மண்டபத்தின் பின்னால் பெண்ணின் தாயார் தனியாக நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்ததை அவருக்குத் தெரியாமல் எடுத்தேன். இன்றும் சொல்கிறேன், நல்ல ஷாட் அது. வீடியோவைப் பார்த்த அந்த அம்மா நேரே கடைக்கு வந்துவிட்டார். "யாரும் பாக்காண்டாம்னுதானே நான் பொறத்த போனேன்? அங்கயுமா வருவீங்க?" அண்ணன் என்னைக் கேட்காமலே அந்த ஷாட்டை வீடியோவிலிருந்து நீக்கிவிட்டார். அன்று முழுக்க நான் அவரிடம் பேசவில்லை. அவர் அதைக் கண்டுகொள்ளவும் இல்லை. மத்தியானம் வழக்கம்போல எனக்கும் சேர்த்து மீன்குழம்பு வாங்கி வைத்திருந்தார்.

அவர் வீட்டுக்கு நேரே போயிருக்கலாம், கல்யாணத்துக்குக் கொண்டுபோன புதுக் கேமரா கையில்தான் இருந்தது. வழியில் ஸ்டூடியோவில் இறங்கிப் பெரியதை எடுத்துக்கொண்டேன். அது பாசம்தான். வேறு காரணம் சொன்னால் பொய்.

வீடு நிறைய ஆட்கள். பாதிப் பேர் கையில் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். அண்ணனின் மனைவி கமலபாய் மைனி அவர் தலைமாட்டில் விழுந்து கிடந்து அழுதுகொண்டிருந்தார். நான் கேமராவைத் தோளில் ஏற்றிப் பட்டனை அழுத்தினேன். அவரைப்போலவே லென்ஸைத் தாழ்த்திக்கொண்டு நின்றேன். மைனி தலையைத் தூக்கிச் சிவப்பு லைட்டைப் பார்த்தார்.

"தம்பி, நில்லு. இப்பம் எடுக்காண்டாம். எனக்க பிள்ள அங்க தனியா இருந்துல்லா பாப்பான்."

எழுந்து உள்ளே போனார். முகம் கழுவி, தலைமுடியை ஒதுக்கி, சேலையைச் சரிசெய்துகொண்டு வந்து உட்கார்ந்தார். அண்ணனின் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

"இனி எடு" என்றார்.

எடுத்தேன். அவர் அழவில்லை. நான்தான் அழுதுகொண்டே எடுத்தேன்.

படம் போய்ச் சேர்ந்த பிறகு மகன் கூப்பிட்டான். "அம்மையப் பாத்தேன் சித்தப்பா. அதுக்குப் பொறவுதான் எனக்குச் சோறு எறங்கிச்சு. அம்மா தைரியமாத்தானே இருக்கா?"

"இருக்கா, மக்கா" என்றேன்.

கேமராவை என்ன செய்யலாம் என்று மைனி கேட்கிறார். பாட்டரி இனி அதிக நாள் தாங்காது. எங்கள் வழக்குக்கும் இனி எதிர்க்கட்சி இல்லை. முன்பக்கம் லைட் இல்லாத புதுக் கேமராவில் பட்டனை அழுத்தும்போது இப்போதெல்லாம் இடது கையைத் தூக்கிக் காட்டிவிட்டுக் கொஞ்சம் பொறுக்கிறேன்.

அன்றைய படத்தை மகனுக்கு அனுப்புமுன் எப்போதும்போல முன்பகுதியை வெட்டினேன். சிமெண்ட் தரை, பாயின் ஓரம், எழுந்துபோய்த் திரும்பிவரும் மைனியின் கால்கள், "எனக்க பிள்ள" என்ற குரல். சுயம்பு அண்ணன் எடுத்து, இத்தனை வருடம் நான் வெட்டியெறிந்த தரைக்குக் கணக்கே இல்லை. இதை மட்டும் எறியாமல் வைத்திருக்கிறேன்.