ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு

இலங்கைத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்த, எங்கள் தாராவி சபையிலிருந்து ஆறு பேர் போகலாம் என்று ஆராதனை முடிவில் சொன்னார்கள். அறிவிப்பு முடியுமுன்பே கையைத் தூக்கிவிட்டேன். மாஹிம் கரையில் நின்று கடலைப் பார்த்ததோடு சரி. இப்போது அதைத் தாண்டப் போகிறேன்! வீட்டுக்கு வரும்வரை கால் தரையில் பாவவில்லை.

"தமிழ் எழுத வாசிக்கத் தெரியும்லா?" என்று கேட்டார் குழுவை நடத்திய அக்கா. செம்பூர்க்காரர், வங்கியில் வேலை. வாய் சிரித்தாலும் கண் சிரிக்காது.

"பக்காவா தெரியும்க்கா" என்றேன்.

பக்காவாக ஒன்றும் தெரியாது. நான் படித்தது இந்தி மீடியம். சபையில் கீர்த்தனை பாடுவேன், சத்தமாக ஜெபிப்பேன். ஆனால் என் பாட்டு நோட்டு முழுவதும் தமிழை இந்தி எழுத்தில் எழுதியது. எங்கள் சந்தில் என் வயதுக்காரர்கள் பாதிப் பேர் இப்படித்தான். இரண்டு வாரம், சயானில் ரயில் ஏறிக் காட்கோபரில் ஆபீசுக்கு இறங்கும்வரை, கூட்டத்தில் நசுங்கியபடியே போனைப் பார்த்துத் தமிழ் எழுத்து பழகினேன். வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

புறப்படச் சில வாரங்கள் இருக்கையில் சபை ஹாலில் மாதிரி வகுப்பு வைத்தார்கள். எதிரே எங்கள் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள். இயேசு உயிர்த்தெழுந்ததை அறிந்த பெண்கள் மற்றவர்களிடம் ஓடிப் போய்ச் சொன்ன கதைதான் பாடம். அதன் தலைப்பைப் போர்டில் கொட்டை எழுத்தில் எழுதி, உரக்கச் சொல்லிக் கொடுத்தேன். பிள்ளைகள் கூரை அதிரத் திருப்பிச் சொன்னார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அக்கா மட்டும் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏட்டி, என்னட்டி எழுதியிருக்க?"

"போய் சொல்லுங்கள்."

"இல்ல. பொய் சொல்லுங்கள்னு எழுதியிருக்க."

இரட்டைக் கொம்பு போட வேண்டிய இடத்தில் ஒற்றைக் கொம்பு. இந்தியில் குறில் ஒ, நெடில் ஓ என்ற வேறுபாடே கிடையாது. என் கைக்கு இரண்டும் ஒன்றுதான். பிள்ளைகளில் ஒருவர்கூடக் கண்டுபிடிக்கவில்லை. அவர்களும் என் கூட்டம்தானே!

அக்கா சிரிக்கவில்லை. "அங்க உள்ள பிள்ளைக தமிழ்ல படிக்குது. ஒன்ன எப்படி அனுப்ப?"

முகம் எரிந்தது. என் மீதே எனக்குக் கோபம் வந்தது. கடவுளின் பெயரால் பாடம் எடுக்கப் போகிறவள், புளுகி இடம் பிடித்திருக்கிறேன். இந்தி எழுத்து நோட்டு வரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "தப்புதாங்க்கா. ஆனா என்னைய விட்டுட்டுப் போயிராதீங்க."

அவர் டஸ்டரை எடுத்துப் போர்டை அழித்தார். "வா. ஆனா மொத நாளே பிள்ளைககிட்ட நீயே உண்மையச் சொல்லணும். மறைச்சேன்னா போர்டு பக்கமே விடமாட்டேன்."

விமானம் மேலேறியபோது நீலத் தார்ப்பாய்க் கூரைகளுக்கு நடுவே எங்கள் வீட்டைத் தேடினேன். கழுத்து வலித்ததுதான் மிச்சம். மகிழ்ச்சி ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். எழுதத் தெரியாத டீச்சரை எந்தப் பிள்ளை மதிக்கும்?

தோட்டத்துப் பள்ளியில் முதல் நாள் எழுந்து நின்று சொல்லிவிட்டேன்: "எனக்குத் தமிழ் எழுத்து இப்பத்தான் பழக்கம். தப்பா எழுதினா கை தூக்குங்க."

நான் எழுதத் தொடங்கியதும் ஒரு கை எழுந்தது. பிறகு பத்துக் கை. ற வர வேண்டிய இடத்தில் ர, ழ வர வேண்டிய இடத்தில் ள! தப்பைப் பிடிக்க வேண்டுமென்றால் ஒரு எழுத்து விடாமல் படித்தாக வேண்டுமே. பாடத்தை அப்படியே விழுங்கினார்கள். மறுநாள் புதுப் பிள்ளைகள் ஜன்னலில் தொற்றிக்கொண்டு நின்றன, தப்புத்தப்பாக எழுதும் டீச்சரைப் பார்க்க. என் வெட்கம் போன இடம் தெரியவில்லை. காலையில் அவர்களுக்கு முன்னால் நான்தான் பள்ளிக்கு ஓடினேன். இரவில் அறையில் உட்கார்ந்து அன்றைய தப்பையெல்லாம் திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்தேன்.

கடைசி நாள் போர்டில் ஐந்து வரி எழுதினேன். அதிகத் தப்புப் பிடித்த இரட்டைச் சடைக்காரி முன்னால் வந்து, விரலை வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தாள். திரும்பவும் முதலிலிருந்து படித்தாள். முகம் வாடிப்போனது.

"டீச்சர், இன்னைக்கு ஒரு பிழையும் இல்ல" என்றாள், அழப் போகிற குரலில். "இப்ப நாங்க என்ன செய்யிறது?"

அவளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினேன்.