ஊர் எரிந்து வந்தவர்களுக்காகப் பேசினேன்

இரண்டு பேர் பேச்சுக்கு நடுவில் நிற்கிற வேலை இது. யார் கோபித்துக்கொண்டாலும் அவர்களுக்கு எதிரில் தெரிகிற முகம் நம்முடையதுதான். மாமியாரை டாக்டரிடம் அழைத்துப்போய், அவர் சொன்னதை இவருக்கும் இவர் சொன்னதை அவருக்கும் சொல்லி, கடைசியில் இருவரிடமும் வாங்கிக்கட்டிக்கொண்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நீங்கள் அதை வீட்டோடு முடித்துக்கொண்டீர்கள். நான் அதையே பிழைப்பாக வைத்துக்கொண்டேன்.

ஆம்பூரில் ஒரு லெதர் கெமிக்கல் கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். ஆபத்தில் இருக்கிற பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் உதவுகிற சின்ன அமைப்பு. கேஸ் பார்ப்பவள் சுகந்தி. அவளுக்குத் தமிழ் மட்டும்தான். எனக்கு வீட்டில் உருது, தெருவில் தமிழ், ஷூ கம்பெனியில் கான்பூர்க்காரர்களோடு வேலை பார்த்ததில் இந்தி. மணிப்பூரில் மலைப்பக்கத்து ஜனங்களுக்கும் பள்ளத்தாக்கு ஜனங்களுக்கும் கலவரம் வெடித்து, வீடிழந்த பெண்கள் இங்கே வேலை தேடி ரயிலேறி வர ஆரம்பித்தார்கள். சுகந்தி என் வீட்டுக்கு வந்து, “பர்வீன் அக்கா, எனக்குக் கண்ணீர் புரியுது, பேச்சு புரியல” என்றாள். அப்படித்தான் சேர்ந்தேன்.

காட்பாடியில் ஓர் அண்ணன்

காட்பாடி ஜங்ஷனில் ஒரு ரயில்வே பெண் போலீஸ் எங்களுக்குப் போன் செய்தார். இரண்டு பிள்ளைகளோடு ஒரு பெண், கூடவே ஒரு ஆள். அந்த ஆள் அவளை பெங்களூர் ரயிலில் ஏற்றப் பார்க்கிறான். அவள் முகம் சரியில்லை. நாங்கள் போனபோது அவள் பிளாட்பாரத்தில் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தாள். பெயர் ஹோய்னு. மலைப்பக்கத்துப் பெண். ஒன்பது வயதில் மகள் நெம், இடுப்பில் மகன் மாங். அந்த ஆள் சட்டைக்காலரைச் சரி செய்துகொண்டு, “என் தங்கச்சி மேடம், வேலைக்குக் கூட்டிட்டுப் போறேன்” என்றான். தமிழில்தான் சொன்னான். தங்கைக்குத் தமிழ் தெரியவில்லை.

நான் அவளிடம் இந்தியில், “இவர் உனக்கு யார்?” என்று கேட்டேன். அவள் யோசித்துவிட்டு, “விஜயவாடாவில் பிள்ளைகளுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். ஆம்பூரில் வேலை இல்லை, பெங்களூரில்தான் இருக்கிறது என்கிறார்” என்றாள். அவள் ஆம்பூருக்குத்தான் டிக்கெட் எடுத்திருந்தாள். ஊர்க்காரப் பெண் ஒருத்தி இங்கே ஷூ கம்பெனியில் இருந்தாள். நான் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் அண்ணன் மேம்பாலப் படியில் ஏறிக்கொண்டிருந்தான். பெண் போலீஸ் ஓடிப்போய் பிடித்து இழுத்துவந்தார். மூச்சு வாங்க என்னிடம் சொன்னார்: “டீ வாங்கிக் குடுத்தவனெல்லாம் அண்ணன்னா, இந்த ஜங்ஷன்ல எனக்கு நூறு அண்ணன் இருப்பான் மேடம்.”

மாலை போடாத புருஷன்

ஹோய்னுவுக்கு வேலை கிடைத்துவிட்டது. வீடுதான் கிடைக்கவில்லை. “சைனாக்காரங்களா?” என்று கேட்டார்கள் சிலர். “இன்னா சாப்பிடுவாங்க?” என்று கேட்டார்கள் சிலர். ஒரு வீட்டுக்கார அம்மா மட்டும் அதெல்லாம் கேட்காமல் உள்ளே கூப்பிட்டு, குழந்தைக்கு பிஸ்கட் கொடுத்து, அறையையும் காட்டினார். எனக்கு உயிர் வந்தது. அப்புறம்தான், “இவ வீட்டுக்காரர் எங்கே?” என்றார்.

நான் ஹோய்னுவிடம் கேட்டேன். கூட்டம் ஊருக்குள் வந்தபோது எல்லோரும் காட்டுக்குள் ஓடினார்கள், நடக்க முடியாத பக்கத்து வீட்டுக் கிழவரைத் தூக்கிவர அவன் திரும்பிப் போனான், வரவில்லை. கிழவரின் உடல் கிடைத்தது, அவனுடையது கிடைக்கவில்லை. “இருக்கிறாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது” என்றாள். அப்படியே சொன்னேன். அந்த அம்மா கெட்டவர் இல்லை. கண் கலங்கிவிட்டது. ஆனாலும் அறைச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டார்: “தெரியாதுன்னா எப்படிம்மா? ஒண்ணு ஆளு இருக்கணும், இல்ல போட்டோவுக்கு மாலையாவது போட்டிருக்கணும். ரெண்டும் இல்லன்னா நாலு பேருக்கு நான் இன்னா பதில் சொல்றது?”

கம்பளி

கடைசியில் பாலாற்றுப் பக்கம் ஒரு தகர ஷெட் கிடைத்தது. சித்திரை வெயிலில் அந்தத் தகரத்துக்குக் கீழே தாயும் பிள்ளைகளும் நனைத்த துணியைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் தானம் கொடுக்க வந்தார். கம்பளி. வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்குத் தெரியும். கம்பளியைப் பார்த்ததுமே எனக்கு வியர்த்தது. “மலைக்காரங்க இல்லியா, அதான்” என்றார். போட்டோ எடுக்க ஆளும் கூட்டிவந்திருந்தார். ஹோய்னு கம்பளியை வாங்கிக்கொண்டாள், ஆனால் பிள்ளைகளை இழுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டாள். என்னை அவள் தீதி என்பாள், இந்தியில் அக்கா. “போட்டோ வேண்டாம் தீதி. போனில் சுற்றும். நாங்கள் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துவிடும்.” அதைச் சொன்னேன். பெரியவர் புரிந்துகொண்டு தலையாட்டினார். பிறகு போட்டோக்காரரிடம் சொன்னார்: “மூஞ்சி வேணாம்ப்பா. கம்பளி தெரிஞ்சா போதும்.”

செருப்பு

நெம்மை ஸ்கூலில் சேர்த்துக்கொண்டார்கள். பழைய ஸ்கூலே எரிந்துவிட்டது என்றதும் ஹெச்.எம். வேறெதுவும் கேட்கவில்லை. ஒரு வாரத்தில் வகுப்பு டீச்சர் என்னை வரச் சொன்னார். “எல்லாப் பசங்களும் செருப்பை வாசல்ல விட்டுட்டு வருது. இவ மட்டும் போட்டுக்கிட்டே உக்கார்றா. கழட்டச் சொன்னா கையைப் பிடிச்சுக் கடிக்கிறா.” மணிக்கட்டில் பல் தடம் காட்டினார்.

நான் குழந்தைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். நீல ரப்பர் செருப்பு. குதிகாலுக்குப் பின்னால் நழுவாதபடி ஒரு கயிறு கட்டியிருந்தாள். ஏன் என்று கேட்டேன். என் முகத்தைப் பார்க்காமல், வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: “ஓடும்போது அதில் என்னுடையதைத் தேட முடியாது. காட்டில் வெறுங்காலோடு வந்தவர்கள் பின்தங்கிவிட்டார்கள்.” அதை டீச்சருக்குத் தமிழில் சொன்னேன். டீச்சர் மணிக்கட்டைத் தேய்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்: “போட்டுக்கிட்டே வரட்டும். மத்த பசங்க கேட்டா, கால்ல புண்ணுன்னு நான் சொல்லிக்கிறேன்.”

ஒரே ஊர்

ஹோய்னு வேலை பார்த்த கம்பெனியில், ஷூவின் மேல்பாகம் தைக்கிற செக்‌ஷனில் ரஞ்சனா என்று இன்னொரு பெண் சேர்ந்தாள். அவளும் மணிப்பூர், ஆனால் பள்ளத்தாக்குப் பக்கம். வயிற்றில் பிள்ளை. ஊரில் வாத்தியாராக இருந்த அவள் புருஷன் இங்கே தோல் ஷெட்டில் ஈரத்தோல் தூக்கிக்கொண்டிருந்தான். ஹெச்.ஆர். தம்பி நல்ல மனசோடு, ஒருத்திக்கு ஒருத்தி துணையாக இருக்கட்டும் என்று இருவரையும் பக்கத்துப் பக்கத்து மிஷினில் உட்கார வைத்துவிட்டார். இரண்டு பேரும் எழுந்து நின்றார்கள். உட்காரவே இல்லை. லைன் நின்றுபோனது. என்னைக் கூப்பிட்டார்கள்.

கண்ணாடி ரூமில் இரண்டு மூலையில் இருவரும் நின்றார்கள். ஹோய்னு என்னிடம், “இவளுடைய ஆட்கள் என் வீட்டைக் கொளுத்தினார்கள்” என்றாள். ரஞ்சனா என்னிடம், “இவளுடைய ஆட்கள் வயலில் நின்ற என் தம்பியைச் சுட்டார்கள்” என்றாள். ஒருத்தியை ஒருத்தி பார்க்கவில்லை. இரண்டையும் கூட்டாமல் குறைக்காமல் தமிழில் சொன்னேன். ஹெச்.ஆர். தம்பி பேனாவை உருட்டினார். கேலி செய்யவில்லை, உண்மையாகவே கேட்டார்: “ரெண்டு பேருக்கும் ஒரே கஷ்டம்தானே மேடம்? அப்ப ஒண்ணா உக்காரலாமே?”

அழுததா

ரஞ்சனாவுக்கு மாதம் நிறைவதற்கு முன்பே ஒரு மத்தியானம் வலி வந்துவிட்டது. கம்பெனி வண்டியில் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நானும் சுகந்தியும் ஓடினோம். டாக்டர் அம்மா வயிற்றில் கருவியை வைத்துப் பார்த்து, முகம் மாறி, “குழந்தை எப்போலேர்ந்து அசையல? கேளுங்க” என்றார். நான் இந்தியில் கேட்டேன். வலியில் ரஞ்சனாவுக்கு இந்தி போய்விட்டது. தாய்பாஷையில் என்னவோ கத்துகிறாள். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. இத்தனை பாஷை தெரிந்தும் அங்கே நான் ஊமையாக நின்றேன்.

மலைக்காரர்களில் பலருக்கும் பள்ளத்தாக்கு பாஷை தெரியும். ஹோய்னுவுக்குப் போன் செய்தேன். அவள் சொன்னாள், “வீடு எரிந்த அன்றைக்கு, காட்டுக்கு ஓடுவதற்கு முன், அந்தக் கூட்டத்திடம் அந்த பாஷையில்தான் கெஞ்சினேன். அப்புறம் பேசவில்லை. பேச மாட்டேன்.” போனை வைத்துவிட்டாள். என்ன செய்வதென்று தெரியாமல் நான் வராந்தாவில் நிற்கும்போது, கம்பெனி ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் ஷேர் ஆட்டோவிலிருந்து அவளே இறங்கி வந்தாள். என்னைப் பார்க்காமல் நேராக உள்ளே போனாள். ரஞ்சனா சொல்ல, அவள் இந்தியில் சொல்ல, நான் தமிழில் டாக்டருக்குச் சொன்னேன். முந்தாநாள் புருஷன் குடித்துவிட்டு வயிற்றில் உதைத்தான். அதற்குப் பிறகு அசையவில்லை.

பிள்ளை இறந்துதான் பிறந்தது. பெண் பிள்ளை. ரஞ்சனா ஏதோ கேட்டாள், இரண்டே சொல். “அழுததா என்று கேட்கிறாள்” என்றாள் ஹோய்னு. நான் அதைத் தமிழில் சொன்னேன். டாக்டர் இல்லையென்று தலையசைத்ததை மொழிபெயர்க்கத் தேவை இருக்கவில்லை. ஆனால் ஹோய்னு கட்டிலருகே குனிந்து பேச ஆரம்பித்தாள். நிறுத்தாமல், தாழ்ந்த குரலில், ரொம்ப நேரம் பேசினாள். ரஞ்சனா அவள் ஏப்ரனைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே வந்ததும், என்ன சொன்னாய் என்று கேட்டேன். ஹோய்னு குழாயடியில் முகம் கழுவிக்கொண்டு சொன்னாள்: “‘அழவில்லை’ என்று சொன்னேன். மீதி எங்கள் ஊர் விஷயம். அது உங்களுக்கு வேண்டாம் தீதி.”

சமாதானம்

போலீஸ் ஸ்டேஷனில் எஸ்.ஐ. எங்களுக்கு நாற்காலி போட்டார். ஃபேனையும் எங்கள் பக்கம் திருப்பிவிட்டார். ரஞ்சனா சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார், “எல்லாம் சரிம்மா. ஊரும் இல்ல, ஜனமும் இல்ல. புருஷனும் ஜெயிலுக்குப் போய்ட்டா நீ இன்னா பண்ணுவே? கூப்பிட்டு மிரட்டி அனுப்பறேன், சமாதானமா போயிடு.” இதை மொழிபெயர்க்காமல் விட்டுவிடலாமா என்று ஒரு நிமிஷம் எனக்குத் தோன்றியது. நடுவில் நின்ற உங்களுக்கும் தோன்றியிருக்கும். ஆனால் சொன்னேன்.

ரஞ்சனாவுக்கு எழுந்து நிற்கத் தெம்பு இல்லை. உட்கார்ந்தபடியே பதில் சொன்னாள். நான் சொல்லச் சொல்ல எஸ்.ஐ. பேனாவின் மூடியைக் கழற்றி, புகாரை எழுதத் தொடங்கினார். அவள் சொன்னது இது: “ஊரில் நிவாரண கேம்ப்பில் எங்களைப் பார்க்க வந்த பெரியவர்கள் எல்லாரும் இந்த வார்த்தையைத்தான் சொன்னார்கள். அவர்கள் வண்டி திரும்பிப் போன பிறகு துப்பாக்கிச் சத்தம் கேட்டது.”

நடுவில் ஒரு மிஷின்

போலீஸ் தேடிப்போவதற்குள் அவன் ஜோலார்பேட்டையில் ரயிலேறிவிட்டான். எந்தப் பக்கம் போனான் என்று தெரியாது. ரஞ்சனா வேலூரில் ஒரு பெண்கள் இல்லத்தில் கொஞ்ச நாள் இருந்தாள். அங்கிருந்து வந்ததும், பழைய லைனிலேயே வேலை வேண்டும் என்று அவளே கேட்டாள். ஹோய்னுவின் புருஷனைப் பற்றி இன்றுவரை தகவல் இல்லை. மணிப்பூர் கேம்ப்பிலிருந்து போன் வந்தால் அவள் மிஷினை நிறுத்திவிட்டுத்தான் எடுக்கிறாள்.

இருவரும் தோழிகளாகிவிட்டார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆகவில்லை. ஒன்றாகச் சாப்பிடுவதில்லை, ஒன்றாக வெளியே வருவதுமில்லை. ஒரே லைனில் உட்காருகிறார்கள். நடுவில் ஒரு மிஷின் காலி. சூப்பர்வைசர் பொறுத்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். “ஷிப்மென்ட் டைம்ல ஒரு மிஷின் சும்மா கிடக்குது மேடம், பேஜாரா இருக்கு. ஒருத்தரைப் பக்கத்துல தள்ளி உக்காரச் சொல்லுங்க.” நான் இந்திக்கு வாயைத் திறந்தேன். ஹோய்னு நிமிராமல், ஓடுகிற ஊசியைப் பார்த்தபடி, அவளுக்கு வந்த ஆம்பூர்த் தமிழில் அவரிடமே சொன்னாள்: “சார், எங்க ஊர்ல நடுவுல மிலிட்டரி நிக்குது. இங்க மிஷின்தானே? இருக்கட்டும்.”

எங்கள் ஆபீஸ் போர்டில் ‘மறுவாழ்வு மையம்’ என்று பெரிதாக எழுதியிருக்கிறது. வாழ்வு எந்த ரயிலில் வருகிறதென்று தெரியாததால், இப்போதைக்கு ‘மறு’வை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறோம்.