எட்னா வெடிக்கும் நாட்களில்

எட்னா எப்போது வெடித்தது என்று கேட்டால் தேதி பிசகாமல் சொல்வேன். கிரின்ஸ்டெட் தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிறவனுக்கு இத்தாலித் தீவின் எரிமலை எதற்கு என்று நீங்கள் நினைக்கலாம். நான் பிழைக்க வந்த, மலையே இல்லாத இந்த வடக்கு நாட்டில் ஒரு மேட்டுக்கே வான்மலை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நெருப்புக் கக்கும் மலை இங்கே யாருக்கு வேண்டும்?

அந்த மலையடியில், கத்தானியாவில், என் அக்கா இருக்கிறார். அம்மாவின் செத்தவீட்டுக்கு நான் போகவில்லை. லீவு தரவில்லை என்று சொன்னேன். உண்மையில் நான் கேட்கவே இல்லை. அது தெரியவந்த நாளோடு அக்கா என்னோடு கதைப்பதை விட்டுவிட்டார். அவரில் பிழை இல்லை.

2021இல் எட்னா திரும்பத் திரும்பக் கக்கியது. ஊரெல்லாம் கறுப்புச் சாம்பல். பயத்தில் அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

"உயிரோடதான் இருக்கிறன்," என்றார். எனக்கு அது போதுமாயிருந்தது.

பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. மலை வெடித்தால் நான் எடுப்பேன். சாம்பல், மூடிய விமான நிலையம், காயப்போட்ட உடுப்பு, அவ்வளவுதான் கதை. வேறெதையாவது தொட்டால், "வேலை கிடக்கு, வைக்கிறன்," என்பார்.

கதைக்க ஆளில்லாத பின்னேரங்களில் மலையின் பழைய வரலாற்றை வாசித்தேன். 1669இல் எரிகுழம்பு கத்தானியாவின் மதிலையே தாண்டி வந்ததாம். 1928இல் பக்கத்து ஊர் ஒன்றையே மூடிவிட்டதாம். வாசித்துப் பயந்தேன். அடுத்தது எப்போது என்றும் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா இருக்கிற ஊரில் நெருப்பு வரக் காத்திருந்த தம்பி நான். வெட்கக்கேடு.

கடைசியாக மலை மாதக்கணக்கில் சும்மா கிடந்தது. ஒரு ஞாயிறு பூசை முடிந்து வந்தேன். வெறும் வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. கணினியில் மலையைக் காட்டும் கமெராவைத் திறந்தேன். நீல வானம், ஒரு கீற்று வெள்ளைப் புகை, சாம்பல் மருந்துக்கும் இல்லை. ஆனாலும் போனை எடுத்தேன்.

"மலை திரும்ப வெடிச்சதாமே, அக்கா?"

பொய் பிடிபட்டுவிடும் என்றே நினைத்தேன்.

"ஓம்," என்றார். "சரியான சாம்பல். பல்கணி கூட்டிக்கொண்டு நிக்கிறன்."

திரையில் வெயில் அப்படியே இருந்தது.

"மாஸ்க் போட்டனீங்களோ?"

"போட்டனான். நீ சாப்பிட்டனியோ?"

இத்தனை வருடத்தில் என்னைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி.

"இல்லை அக்கா," என்றேன்.