பிறை பார்த்துக் கட்டிய தவணை

ஹனீப் பாய் பட்ட கடன் முப்பத்தாறாயிரம் ரூபாய். இரண்டாயிரத்து ஆறாம் வருடம், கையுறை தைக்கிற மெஷின் இரண்டு வாங்குவதற்காக ஒரு வங்கியின் கிரெடிட் கார்டைத் தேய்த்துப் பட்ட கடன். சரக்குக் கடனைத் தவிர, அதற்கு முன்னால் அவர் யாரிடமும் ஒரு டீக்குக் கூடக் கடன் சொன்னவர் இல்லை.

புதுவாயல் கூட்டு ரோட்டில் அவர் கடையை அறியாத தொழிலாளி கிடையாது. சிப்காட் கம்பெனிகளுக்குள் காலெடுத்து வைக்கிறவன் முதலில் அவர் கடையில்தான் கால் வைக்க வேண்டும். இரும்பு மூக்கு வைத்த ஷூ, கம்பூட், ஹெல்மெட், தோல் கையுறை எல்லாம் அங்கேதான். பழவேற்காட்டில் மூன்றாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, கருவாட்டுக் கூடையோடு சைக்கிள் மிதித்து வந்தவர். யாரும் தூக்கி விடவில்லை. டிகிரி வாங்கியவர்கள் பத்துப் பேர் அவரிடம் சம்பளத்துக்கு வேலை கேட்டு வந்து நின்றிருக்கிறார்கள். எழுதத் தெரிந்தது தன் கையெழுத்து ஒன்றுதான். ஆனால் அந்தக் கையெழுத்தை நம்பி சென்னையிலிருந்து லாரி லாரியாகச் சரக்கு வந்து இறங்கியது.

கல்லாவுக்கு மேலே பச்சை எழுத்தில் ஒரு பலகை ஆணியில் தொங்கியது: 'இங்கே வட்டி வாங்குவதும் இல்லை, கொடுப்பதும் இல்லை.' வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வருகிறவர்கள் அந்தப் பலகையைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போவார்கள். அந்தத் தலையாட்டலுக்காக அவர் எத்தனையோ லாபத்தை விட்டுக்கொடுத்திருக்கிறார்.

அந்தப் பலகையைப் படித்துவிட்டுத்தான் கார்டு விற்கிற சரவணன் மார்ச் மாதம் கடைக்குள் நுழைந்தான். கழுத்தில் டை, கையில் பை.

"பாய், உங்களுக்குன்னே செஞ்சா மாதிரி ஒண்ணு வெச்சிருக்கேன். வட்டியே இல்லாத கார்டு. மெஷினை வாங்கிக்கோங்க. பன்னெண்டு மாசம், மாசம் மூவாயிரம். மேல ஒரு பைசா கெடையாது."

"சும்மா குடுக்கறதுக்கு உங்க பேங்கு இன்னா தர்காவா?"

சரவணன் சிரித்தான். "ஒரு மாசம்கூடத் தவறக்கூடாது, அவ்ளோதான். தவறினா முதல் நாள்லேர்ந்து வட்டி போட்டுடுவாங்க. அதுக்குத்தான் இந்த எடத்துல ஒரு கையெழுத்து. மாசாமாசம் உங்க கணக்குலேர்ந்து பேங்கே எடுத்துக்கும். நீங்க மறந்தாலும் அது மறக்காது."

"என் பைக்குள்ள இன்னொருத்தன் கைய உடச் சொல்றியா? முப்பது வருஷமா சரக்குக்காரனுக்கு நானேதான் காசு கொண்டுபோய்க் குடுக்கறேன். ஒருத்தன் என்னைத் தேடி வந்ததில்ல. அதை அடி."

சரவணன் அந்தக் கட்டத்தைக் குறுக்கே அடித்தான். "அப்ப மாசாமாசம் பில்லு வந்தப்புறம், பதினஞ்சாம் தேதிக்குள்ள கட்டிடுங்க பாய்."

ஹனீப் பாய் ஐந்து இடத்தில் கையெழுத்துப் போட்டார். அவசரக் கட்டத்தில் விசாரிக்க ஒரு பெயர் கேட்டபோது, கடைக் கட்டடத்துக்குச் சொந்தக்காரரான பொன்னேரி துளசிராமன் பெயரைச் சொன்னார்.

ஹனீப் பாயின் மாதம் காலண்டரில் தொடங்காது, வானத்தில்தான் தொடங்கும். பழவேற்காட்டில் அவர் வாப்பா காலத்திலிருந்தே அப்படித்தான். பிறை தெரிந்ததா, மறுநாள் கொடுக்க வேண்டியதையெல்லாம் கொடுத்துக் கை கழுவிவிட வேண்டும். கார்டுக் கடனும் அந்த வரிசையில் சேர்ந்தது. ஒவ்வொரு பிறைக்கும் பெரியபாளையம் வழியாகத் திருவள்ளூர் போகிற பஸ்ஸைப் பிடித்து, வங்கியின் கவுண்டரில் மூவாயிரத்தைக் கட்டி, ரசீதை வாங்கிவந்து கம்பியில் குத்தினார். வீட்டுக்கு வந்த ஆங்கிலக் கடிதங்களைப் பிரிக்காமல் ஒரு ஷூ பெட்டிக்குள் போட்டார். கட்டுகிறவனுக்குக் கடிதம் எதற்கு?

கம்பியில் ஆறு ரசீது ஏறியது. ஏழாவது, ரம்ஜான் முதல் நோன்பன்று. செப்டம்பர் இருபத்தைந்து. கவுண்டரில் இருந்த பெண் நோட்டை எண்ணிவிட்டு அவரை ஒரு கணம் பார்த்தாள்.

"இந்த மாச பில்லே நாளைக்குத்தான் சார் போடுவாங்க. இன்னிக்கே கட்டறீங்களே."

"முந்திக் கட்டறவன்தாம்மா மனுஷன்" என்றார் அவர். அவள் வேறு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பின்னால் நின்றவன் அவசரப்படுத்தினான். அவர் ரசீதோடு வெளியேறிவிட்டார்.

அக்டோபர் பாதியில், நோன்பு இருபத்து மூன்றில், கடை போன் அடித்தது. எடுத்தால் பேச்சில்லை. மூச்சு விடுகிற சத்தம் மட்டும் வந்தது. பத்து நிமிடம் கழித்து மறுபடியும். மூன்றாவது தடவை ஒரு குரல் மெதுவாக, "ஹனீப் தானே? கடை எப்பத் தொறப்பே, எப்ப மூடுவே?" என்று கேட்டு வைத்துவிட்டது. மறுநாள் மாலை, ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கறுப்பு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. அதன் மேல் உட்கார்ந்திருந்த ஆள் வேர்க்கடலையை உரித்துத் தின்றுகொண்டே கடையைப் பார்த்தான். பள்ளிவாசலில் மாலைப் பாங்கு சொல்லும் நேரம் வரை பார்த்துவிட்டுப் போனான். அடுத்த நாளும் வந்தான். கடலைத் தோல் காலடியில் குவிந்தது.

தீபாவளிக்கு முந்தின நாள் துளசிராமன் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். பலகையை ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"இன்னா பாய், வட்டிக்கு வாங்கிக்கினு டிமிக்கி குடுக்கறியாமே? பேங்குக்காரன் எங்க ஊட்டுக்கு போன் பண்றான். என் சம்சாரம் கிட்ட கேக்கறான், அந்தாளு ஓடிட்டாரான்னு."

"எவன் சொன்னான்? ஏழு ரசீது இருக்குது. வந்து எண்ணிப் பாரு நைனா."

"எண்றது இருக்கட்டும். கடை என் பேர்ல இருக்குது. நாளைக்கு எவனாவது ஷட்டர்ல நோட்டீசு ஒட்டினா அசிங்கம் எனக்குத்தான். பாத்துக்கோ."

ஸ்கூட்டர் போன பிறகும் ஹனீப் பாய்க்கு ஒரு டஜன் கையுறையைச் சரியாக எண்ண முடியவில்லை.

தீபாவளி கழிந்த திங்கட்கிழமை, பாக்கி பதினைந்தாயிரத்தையும் மொத்தமாக எடுத்துக்கொண்டு திருவள்ளூர் போனார். கட்டினார். சனியன் ஒழிந்தது என்று திரும்பும்போது அதே பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அசல் தீர்ந்துச்சு சார். வட்டி ஆறாயிரத்துப் பதினெட்டு நிக்குது."

"வட்டியா? நான் வட்டி குடுக்கறவன் இல்ல."

"அது எனக்குத் தெரியாது சார்."

அன்று மாலை பிறை தெரியவில்லை. பெருநாள் ஒரு நாள் தள்ளிப்போய், நோன்பு முப்பதாகிவிட்டது. பொன்னேரியில் கல்லூரிக்குப் போகிற மகள் சிஃபா, அந்த ஷூ பெட்டியைக் கொட்டி, கடிதங்களை ஒரு வரிசையாகவும் ரசீதுகளை ஒரு வரிசையாகவும் பாயில் அடுக்கினாள். தேதிகளை ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தாள்.

"வாப்பா, அவங்க மாசம் முப்பது, முப்பத்தொண்ணு. நம்ம பிறை மாசம் இருபத்தொம்போது, முப்பது. நீங்க ஒவ்வொரு தபாவும் ஒரு நாள் ரெண்டு நாள் முன்னாடி போய்க்கினே இருந்திருக்கீங்க."

"முன்னாடி போனா நல்லதுதானே?"

"பில்லு இருபத்தாறாம் தேதி. முதல் நோன்பு அன்னிக்கு நீங்க கட்டினது இருபத்தஞ்சு. அது பழைய பில்லுல சேந்துடுச்சு. புது பில்லுக்கு அக்டோபர் பதினஞ்சுக்குள்ள ஒரு பைசா போகல. அடுத்த பிறை பெருநாளைக்குத்தானே. அவங்க கணக்குல நீங்க ஒரு மாசம் தவறிட்டீங்க." அவள் ஒரு தாளின் அடியில் விரல் வைத்தாள். "தவறினா முதல் நாள்லேர்ந்து வட்டின்னு போட்டிருக்குது. இது உங்க கையெழுத்துதானே வாப்பா?"

அவர் கையெழுத்துதான். வளைவு, சுழி, கடைசியில் வைக்கிற இரண்டு புள்ளி, எல்லாம் அவருடையது. அது தன்னுடையது இல்லை என்று சொல்ல வாய் வந்திருந்தால் அன்றே பிழைத்திருப்பார். சரவணன் சொன்னதும் இப்போது காதில் விழுந்தது. சொல்லத்தான் சொன்னான்.

மறுநாள் பிற்பகல் மோட்டார் சைக்கிள் ரோட்டைக் கடந்து கடை வாசலுக்கே வந்தது. வேர்க்கடலை தின்ற ஆள் இறங்கி உள்ளே வந்தான். வெளியே இன்னொருவன் வண்டியை அணைக்காமலே உட்கார்ந்திருந்தான்.

"நான் ஆதிநாராயணன். வசூல்." ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டான். குரலை உயர்த்தவே இல்லை. "நாளைக்குப் பெருநாள் இல்ல பாய்? தொழுகை முடிஞ்சி எல்லாரும் இந்த வழியாத்தான் வருவாங்களாம். கட்டிப் புடிச்சி வாழ்த்து சொல்வாங்களாம். நாங்களும் வந்து ஓரமா நிக்கறோம். பில்லு ஜெராக்ஸ் ஒரு அம்பது எடுத்துவெச்சிருக்கேன்." பலகையை நிமிர்ந்து பார்த்தான். "நல்லா எழுதியிருக்கீங்க."

அடித்துத் துரத்த ஹனீப் பாய்க்கு இன்னும் கையில் பலம் இருந்தது. கூப்பிட்டால் இருபது பேர் வந்திருப்பார்கள். வந்தவர்களிடம் என்ன சொல்வது? கையெழுத்துப் போட்டேன், ஆனால் கொடுக்க மாட்டேன் என்றா? வட்டி கொடுக்காத ஹனீப் என்ற பெயரையும், கையெழுத்துத் தவறாத ஹனீப் என்ற பெயரையும் அவரே சம்பாதித்தார். இரண்டில் ஒன்று அன்று கடையை விட்டுப் போயே தீர வேண்டும். கையெழுத்துப் போனால் சரக்கு வராது. சரக்கு வராத கடையில் பலகை மட்டும் தொங்கி என்ன?

"ரசீது முதல்ல எழுது" என்றார்.

ஆதிநாராயணன் எழுதிக் கிழித்துக் கொடுத்தான். அவர் அதை வாங்கிக் கம்பியில் குத்தினார். பிறகு ஸ்டூலில் இருந்தவனை எழுப்பி, அதன் மேல் ஏறி, பலகையை ஆணியிலிருந்து கழற்றினார். கீழே இறங்கி, எழுத்து தெரியாமல் அதைக் கல்லா மேல் கவிழ்த்து வைத்தார்.

பெருநாள் துணிக்கென்று பணம் வைத்திருந்த பையை அவிழ்த்தார்.

"கைய நீட்டு."

ஆதிநாராயணன் கையை நீட்டினான். கடலை உரித்த விரல்களில் உப்பு வெளுத்திருந்தது. ஐநூறு ரூபாய் நோட்டு ஒவ்வொன்றாக, எச்சில் தொடாமல், வாய்விட்டு எண்ணி வைத்தார். பன்னிரண்டு ஆனது. கை மூடவில்லை.

"இன்னும் பதினெட்டு இருக்குது பாய்."

ஒரு பத்து ரூபாய் நோட்டு, ஒரு ஐந்து ரூபாய்க் காசு. பிறகு ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒற்றை ரூபாய்க் காசுகளை அந்த உள்ளங்கையில் வைத்தார்.