கறுப்பிக்கு முளைத்த இறகு

மாங்காட்டுக்குக் குடிவந்த புதிதில் கறுப்பி என்று ஒரு கோழி வளர்த்தேன். ஐப்பசியில் அதற்கு இறகெல்லாம் கொட்டியது, முட்டையும் நின்றது. பக்கத்து வீட்டு சரசாக்கா மதில்மேல் எட்டிப் பார்த்தாள்.

"சீக்குடி. என் கோழிங்களுக்கும் ஒட்டிக்கும். சாவறதுக்குள்ள அறுத்துக் கொழம்பு வச்சிடு."

நம்பி அறுத்தேன். சுத்தம் செய்யும்போது தோலெங்கும் புது இறகுக் குருத்துகள் முள்ளாய் விரலில் குத்தின. அக்காவுக்கும் ஒரு கிண்ணம் குழம்பு கொடுத்தேன்.

கார்த்திகையில் அவளுடைய கோழிகளுக்கும் இறகு கொட்டியது. பதறி ஓடினேன்.

"அக்கா, உங்க கோழிங்களுக்கும் சீக்கு வந்துடுச்சே!"

கருவாடு இடித்துக்கொண்டிருந்தவள் சிரித்தாள். "சீக்கா? வருசா வருசம் எறக்கை மாத்துதுங்க. கருவாட்டுத் தூளு போட்டா சீக்கிரம் மொளச்சிக்கும்."

"அப்போ என் கறுப்பி?"

"அது என் கீரப் பாத்திய கெளறிகினே கெடந்துச்சி. கொழம்பு நல்லா இருந்துச்சிடி."

இப்போதும் கோழி வளர்க்கிறேன். இறகு முளைக்கும் நாட்களில் கோழியைத் தூக்கக் கூடாது, தொட்டாலே வலிக்கும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

அறுப்பதற்கு முன் கறுப்பியை மடியில் வைத்து உடம்பெல்லாம் தடவிக் கொடுத்தேன். அது அலறித் துடித்தது. சாவுக்குப் பயப்படுகிறது என்று நினைத்து, இன்னும் அழுத்தித் தடவினேன்.