பழசு பத்தாத ஜாக்கெட்

புத்தம்புதுத் தோல் ஜாக்கெட்டுகளை உப்புத்தாளால் தேய்த்து, பத்து வருடம் போட்டதுபோல் ஆக்குவதுதான் தொழிற்சாலையில் என் சித்தப்பாவின் வேலை. அவருடைய சொந்த ஜாக்கெட்டோ பதினோரு வருடம் உழைத்துத் தானாகவே தேய்ந்தது. "மானம் போகுது" என்று சித்தி வாராவாரம் அதற்குக் கறுப்பு பாலிஷ் போட்டுவிடுவாள்.

ஒருநாள் சித்தப்பா அதைக் கழற்றி, மறதியாக வேலை முடிந்த ஜாக்கெட்டுகளோடு மாட்டிவிட்டார். மேற்பார்வையாளர் அதை எடுத்து அவர் மடியில் எறிந்தார். "என்னய்யா இது, கையே வைக்கல போல! நல்லா பழசாக்கு."

எதிர்த்துப் பேசத் தெரியாத மனுஷன் உட்கார்ந்து தேய்த்தார்.

"இப்பதான் நெசமா போட்ட மாதிரி இருக்கு" என்று மெச்சி, மேற்பார்வையாளரே அதை ஏற்றுமதிப் பெட்டியில் வைத்தார்.

குளிரில் வெறும் சட்டையோடு வந்தவரிடம் சித்தி கேட்டாள்: "ஜாக்கெட் எங்கங்க?"

"பாஸாயிடுச்சு."